வீட்டுச் சண்டை: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது?

என் அக்கா வீட்டில் குரல் உயர்ந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அத்தான் அதிர்ந்து பேசாதவர், அக்கா அதைவிட. உறவுக்குள் யார் வீட்டிலாவது தகராறு என்றால் அவர்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து இருவரும் சேர்ந்தே விவாகரத்துக்கு மனு போட்டபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "ஒரு சண்டைகூட இல்லையேடி, அப்புறம் எதுக்கு?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தம்பதிகள் பேசுவதையும் சண்டை போடுவதையும் பதிவு செய்து, அவர்களில் யார் பிரிந்தார்கள், யார் சேர்ந்திருந்தார்கள் என்று வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன். பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. மாமியார் வீடும் சீர்வரிசைப் பேச்சும் அவற்றில் வராது. ஆனால் மனத்தாங்கலோடு இரண்டு பேர் ஓர் அறையில் உட்காரும்போது என்ன நடக்கிறது என்பதில் நம் வீடுகளுக்குப் பொருந்துவது நிறைய இருக்கிறது. எனக்குப் பிடிபட்டது இதுதான்: எத்தனை சண்டை என்று எண்ணுவதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சண்டை எப்படித் தொடங்குகிறது, நடுவில் யார் விலகிப் போகிறார்கள், முடிந்த பிறகு இருவரும் திரும்பி வருகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

முதல் சோதனை: வீட்டில் பயம் இருக்கிறதா?

அடி விழுகிறதா? மிரட்டல் உண்டா? சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, யாரோடும் பேசவிடாமல் தடுப்பது, போனைப் பறித்துப் பார்ப்பது இவற்றில் எதுவும் நடக்கிறதா? இதைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று நடுங்கி வார்த்தையை விழுங்குகிறீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும், இந்த வழிமுறை உங்களுக்கானது இல்லை. இது பேசத் தெரியாததால் வந்த கோளாறு கிடையாது. நீங்கள் இன்னும் மென்மையாகப் பேசினால் அடி நிற்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆலோசனை சொல்வதுகூட ஆபத்தாக முடியலாம். அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல் காயத்தை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வார்த்தையால், பாலியல்ரீதியாக, பணத்தால் செய்யும் கொடுமையும் அதில் சேரும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் மாவட்டத்துப் பாதுகாப்பு அலுவலரைச் சந்திக்கவும் அவர்கள் வழி சொல்வார்கள்.

பயம் இல்லை, வெறும் சண்டைதான் என்றால் மேலே படியுங்கள்.

"வாயைத் திறந்தாலே சண்டையாகிவிடுகிறது"

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மனும் சிபில் கரேரும் புதிதாகத் திருமணமான 124 தம்பதிகளிடம், அவர்களுக்குள் ஓயாமல் இருக்கும் ஒரு பிணக்கைப் பற்றி 15 நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பிறகு ஆறு வருஷம் பின்தொடர்ந்தார்கள். 1999-இல் வெளியான முடிவு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் பிரிந்தவர்களுக்கும் பிரியாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் முதல் மூன்று நிமிடத்திலேயே தெரிந்தது. பிரிந்தவர்களின் பேச்சு எடுத்த எடுப்பிலேயே கசப்போடு தொடங்கியிருந்தது.

உங்கள் வீட்டில் சோதிக்க ஒரு வழி: போன சண்டையின் முதல் வாக்கியத்தை ஞாபகப்படுத்துங்கள். அதில் "எப்பவுமே", "என்னைக்காவது", "உங்க வீட்டு ஆளுங்களே இப்படித்தான்" என்று ஏதாவது வந்ததா? வந்திருந்தால் கோளாறு அங்கேதான். நடந்த காரியத்தை விட்டுவிட்டு ஆளின் குணத்தின் மேல் கை வைத்தாகிவிட்டது. குணத்தைக் குறை சொன்னால் எதிரே இருப்பவர் தற்காப்புக்கு இறங்குவார், வேறென்ன செய்வார்?

"உங்களுக்கு உங்க அக்கா சொன்னா மட்டும்தான் காதுல விழும்" என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்: "நேத்து அண்ணி வர்றது எனக்குக் கடைசி நேரத்துலதான் தெரிஞ்சுது. தனியா சமாளிக்க ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அடுத்த தடவை முதல் நாளே சொல்லிடுங்க." என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, இனி என்ன வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. கோபத்தை ஒளிக்கத் தேவையில்லை.

மென்மையாகச் சொல்வது என்றால் பூசி மெழுகுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் நிக்கோலா ஓவரால் செய்த ஆய்வுகள், தீவிரமான பிரச்சினையை நேரடியாக, அழுத்திச் சொல்வது அப்போதைக்குச் சங்கடம் தந்தாலும் நாளடைவில் மாற்றம் கொண்டுவரக்கூடும் என்று காட்டுகின்றன. குடியோ கடனோ குடும்பத்தை விழுங்கிக்கொண்டிருந்தால் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

"நான் பேசப் பேச அவர் எழுந்து போய்விடுகிறார்"

நம் வீடுகளில் நான் அதிகம் பார்த்த அறிகுறி இது. மனைவி கேட்கிறாள். கணவன் டிவியைப் பார்க்கிறான். அவள் குரல் ஏறுகிறது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறான். இரவு பதினொரு மணிக்கு வந்து பேசாமல் படுத்துக்கொள்கிறான். "இந்தம்மா தொணதொணன்னு ஆரம்பிச்சுடுவா, அதான் போயிடறேன்" என்பது அவன் கட்சி. "இவர் போயிடறதாலதான் நான் கத்த வேண்டியிருக்கு" என்பது அவள் கட்சி. இரண்டுமே உண்மை. ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் விலகுகிறார், அவர் விலக விலக இவர் துரத்துகிறார்.

கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹெவியும் 1990-இல் இதை ஆராய்ந்தார்கள். பெண் என்றால் நச்சரிப்பாள், ஆண் என்றால் நழுவுவான் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது எவ்வளவு தூரம் சரி என்று பார்த்தார்கள். மனைவி ஒரு மாற்றம் கேட்கும் விஷயத்தில் அவள் துரத்துவதும் அவன் விலகுவதும் தெளிவாகத் தெரிந்தது. கணவன் மாற்றம் கேட்கும் விஷயத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஆக, யாருக்கு இப்போது இருப்பது போதவில்லையோ அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்; யாருக்கு இப்படியே இருப்பது வசதியோ அவருக்குப் பேச்சே வேண்டியதில்லை. வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் ஒருத்தி தலையில் விழுந்திருக்கும் வரை கேட்பவளாக அவளே இருப்பாள். இதைப் படித்த பிறகு "நச்சரிப்பு" என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை.

மிச்சிகனில் 1986-இல் திருமணமான 373 தம்பதிகளைப் பதினாறு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வில் 46 சதவீதம் பேர் பிரிந்துவிட்டார்கள். அதில் கவனிக்க வேண்டிய ஒரு சேர்க்கை: ஒருவர் நிதானமாகப் பேசித் தீர்க்கப் பார்க்கிறார், மற்றவர் விலகிவிடுகிறார். இப்படி இருந்த வீடுகளில் பிரிவு கூடுதலாக இருந்தது. கோபத்தை ஆற்றிக்கொள்ள விலகினேன் என்று ஒருவர் நினைக்கலாம். பேச வந்தவருக்கு அது அக்கறை இல்லாததாகத் தெரிகிறது.

ஆனால் விலகுபவர் எல்லாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. காட்மனும் ராபர்ட் லெவன்சனும் தம்பதிகளின் உடலில் கருவிகளைப் பொருத்தி இதயத் துடிப்பை அளந்தார்கள். வெளியே கல் மாதிரி உட்கார்ந்திருந்தவருக்கு உள்ளே துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியிருக்கும். அந்த நிலையில் காது கேட்கும், மனதில் ஒன்றும் ஏறாது. ஒரு முறை, கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிச் சண்டையை நடுவில் நிறுத்தி, இருபது நிமிடம் பத்திரிகை படிக்க விட்டார்கள். திரும்பப் பேச உட்கார்ந்தபோது அதே ஆட்கள் வேறு மாதிரி பேசினார்கள்.

சரி, என்ன செய்வது? விலகும் பழக்கம் உள்ளவருக்கு: எழுந்து போகலாம், சொல்லிவிட்டுப் போக வேண்டும். "இப்ப என்னால முடியல. சாப்பிட்டுட்டு ஒன்பது மணிக்குப் பேசலாம்." நேரத்தைச் சொல்வது கட்டாயம். குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் "அவ எப்படி அப்படிச் சொல்லலாம்" என்று மனதுக்குள் சண்டையைத் தொடர்ந்தால் துடிப்பு இறங்காது; செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், நடந்துவிட்டு வாருங்கள். அப்புறம், ஒன்பது மணிக்கு நீங்களேதான் பேச்சை எடுக்க வேண்டும். ஒரு தடவை ஏமாற்றினால் அடுத்த தடவை உங்களை யாரும் வெளியே விடமாட்டார்கள்.

துரத்தும் பழக்கம் உள்ளவருக்கு: ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும். வளைகாப்பில் நடந்தது, கிரகப்பிரவேசத்தில் நடந்தது என்று பழைய கணக்கெல்லாம் சேர்த்தால் எதிரே இருப்பவர் எதற்குப் பதில் சொல்வார்? ஒன்பது மணி வரை பின்னாலேயே போகாமல் இருப்பது கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்தை நீங்கள் தாங்குவது, அவர் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவதற்கு ஈடு. நாலைந்து தடவை பார்த்தும் அவர் ஒரு முறைகூடத் திரும்பி வரவில்லை என்றால், கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

"ஒரே சண்டை, பத்து வருஷமாக"

தீபாவளி யார் வீட்டில், அவர் அனுப்பும் பணம், அவள் சிக்கனம். இதற்கு அவசர மருந்து தேட வேண்டாம். தம்பதிகளின் பிணக்குகளில் 69 சதவீதம் தீராதவை என்கிறார் காட்மன். குணத்திலிருந்தும் வளர்ந்த விதத்திலிருந்தும் வருபவை அவை. நல்ல தாம்பத்தியத்திலும் அவை இருக்கின்றன. இங்கே பார்க்க வேண்டியது, அதைப் பற்றிப் பேசும்போது இன்னும் சிரிக்க முடிகிறதா என்பதுதான். முடிந்தால் பெரிய பழுது இல்லை. சிரிப்பு நின்று இருவரும் விறைத்துப் போனால், யார் சரி என்ற பேச்சை விட்டுவிட்டு, அந்த விஷயம் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஒரு முறை கேளுங்கள். தம்பி படிப்புக்குப் பணம் அனுப்பும் கணவனுக்குப் பின்னால், தனக்காகப் படிப்பை நிறுத்திய ஓர் அண்ணன் இருக்கலாம்.

"என்னை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை"

இதை லேசாக எடுக்காதீர்கள். குறை சொல்வது, அவமதிப்பு, தற்காப்பு, சுவர் போல் உறைந்துவிடுவது என்ற நான்கில் மணமுறிவோடு மிக நெருங்கியது அவமதிப்புதான் என்கிறார் காட்மன். கத்துவதைவிட இது சத்தம் குறைந்தது. உதட்டைச் சுழிப்பது, கண்ணை உருட்டுவது, விருந்தாளிகள் முன்னால் அவள் இங்கிலீஷைக் கிண்டல் செய்வது, அவர் சம்பளத்தைத் தங்கை புருஷன் சம்பளத்தோடு ஒப்பிடுவது. "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று முடித்துவிடுவார்கள். சொன்னவர் மறந்துவிடுகிறார்; கேட்டவருக்கு அது இரவில் தூக்கம் வராதபோது ஞாபகத்துக்கு வருகிறது.

இன்றே நிறுத்த வேண்டியது மற்றவர் முன்னால் மட்டம் தட்டுவது. மற்றதற்கு நாளாகும், ஏனென்றால் அவமதிப்பு ஒரு நாளில் முளைப்பதில்லை. சொல்லாமல் விட்ட குறைகள் புளித்துப் போய் அப்படி ஆகின்றன. காட்மன், லெவன்சன் பதிவுகளில் உறுதியான தம்பதிகள் சண்டைக்கு நடுவிலும் ஒரு கசப்பான சொல்லுக்கோ செயலுக்கோ ஐந்து இதமானவற்றைக் கொடுத்தார்கள்: ஒரு தலையாட்டல், "அது சரிதான்" என்று ஒரு சொல், ஒரு சிரிப்பு. பிரிவை நோக்கிப் போனவர்களிடம் அது ஒன்றுக்கு 0.8 ஆக இருந்தது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு நம் கல்யாணம் நிற்காது என்று யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம். பிரிவை 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாகக் கணித்ததாக வந்த கணக்குகளை ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்மித் ஸ்லெப்பும் 2001-இல் சோதித்தார்கள். யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகு பொருத்திய சூத்திரம் அது; புதிய ஆட்களிடம் வைத்துப் பார்த்தால் துல்லியம் நன்றாக இறங்கிவிடுகிறது என்று காட்டினார்கள்.

"சண்டை ஓய்கிறது, சமாதானம் வருவதில்லை"

நடுவில் யாராவது கை நீட்டுகிறார்களா என்று கவனியுங்கள். "சரி விடு, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது", "காபி போடட்டுமா?" என்பதெல்லாம் கை நீட்டுவதுதான். பல வீடுகளில் அது நீட்டப்படுகிறது, எதிரே இருப்பவர் பிடிப்பதில்லை. "இப்ப மட்டும் காபி எதுக்கு?" என்றால் அடுத்த தடவை அந்தக் கை வராது.

சமாதானமே வராமல் கிடக்கும் சண்டைகளுக்கு ஒரு எளிய பயிற்சி இருக்கிறது. சிகாகோ பகுதியில் 120 தம்பதிகளை வைத்து ஈலை ஃபிங்கல் குழு செய்தது, 2013-இல் வெளியானது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஏழு நிமிடம் எழுத வேண்டும். இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாம் மனிதர் ஒருவர் இந்தச் சண்டையைப் பார்த்திருந்தால் அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும், அப்படிப் பார்க்கவிடாமல் என்னைத் தடுப்பது எது, அடுத்த சண்டையில் அப்படிப் பார்க்க என்ன செய்யலாம் என்று எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களின் சண்டை எண்ணிக்கை குறைந்துவிடவில்லை. சண்டை தந்த வேதனை குறைந்தது, மணவாழ்க்கையில் மனநிறைவு இறங்கிக்கொண்டே போவது நின்றது. வருஷத்துக்கு மொத்தம் 21 நிமிடம். நானும் இதைச் செய்கிறேன், ஒரு பழைய டைரியில்.

"எங்களுக்குள் சண்டையே இல்லை"

அம்மாவின் கேள்விக்கு இங்கேதான் வருகிறேன்.

பால் அமாட்டோவும் பிரின்டில் ஹோமன்-மாரியட்டும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் பிற்பாடு விவாகரத்தான தம்பதிகள் அதற்கு முன் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் எதிர்பார்த்தபடி ஓயாச் சண்டைக்காரர்கள். மற்றப் பாதிப் பேர் அதிகம் சண்டை போடாதவர்கள், சுமாராக நிம்மதியாக இருந்தவர்கள். காட்மனும் லெவன்சனும் 14 வருஷம் பின்தொடர்ந்த தம்பதிகளில் பிரிவு இரண்டு காலகட்டத்தில் வந்தது. சண்டையும் கசப்பும் நிறைந்த ஜோடிகள் திருமணமாகிச் சராசரியாக 5.6 வருஷத்தில் பிரிந்தார்கள். கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் வறண்டு கிடந்தவர்கள் நெடுநாள் தாங்கினார்கள், சராசரியாக 16.2 வருஷத்தில் பிரிந்தார்கள்.

சண்டை இல்லாததில் இரண்டு வகை உண்டு. மனதில் ஒன்றும் இல்லாததால் சண்டை இல்லை என்றால் நல்லது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டதால் சண்டை இல்லை என்றால், அது உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். எந்த வகை என்று கண்டுபிடிக்கச் சில கேள்விகள்: ஆபீசில் ஒரு நல்ல சேதி வந்தால் முதலில் யாருக்கு போன் செய்கிறீர்கள்? கடைசியாக எப்போது பிள்ளைகள், இஎம்ஐ, கேஸ் சிலிண்டர் தவிர வேறு ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினீர்கள்? அவருக்கு இப்போது என்ன கவலை என்று உங்களால் சொல்ல முடியுமா? அவர் ஊருக்குப் போனால் வீடு லேசானதாகத் தோன்றுகிறதா?

இதற்குப் பெரிய பேச்சுவார்த்தை வைத்தால் பலன் இருக்காது. பேசிப் பழக்கம் விட்டுப் போனவர்களுக்கு அது நேர்முகத் தேர்வு மாதிரி இருக்கும். சின்னதிலிருந்து தொடங்குங்கள். "மழை வர்ற மாதிரி இருக்கு பாருங்க" என்று ஒருத்தி ஜன்னலிலிருந்து சொல்கிறாள். அதில் செய்தி மழை இல்லை, என் பக்கம் வா என்ற அழைப்பு. காட்மனின் கணக்கில், ஆறு வருஷம் கழித்தும் சேர்ந்திருந்த தம்பதிகள் இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். போனிலிருந்து தலையை நிமிர்த்தி "ஆமா, துணியை எடுத்துடலாமா?" என்று கேட்டாலே போதும்.

அதோடு, விழுங்கிவைத்த குறைகளில் மிகச் சின்னதாக ஒன்றை எடுத்து வெளியே சொல்லுங்கள். ஒரு சண்டை வரலாம். வரட்டும். நம் மொழியில் ஊடல் என்று அதற்கு ஒரு தனிச் சொல்லே இருக்கிறது, அன்பின் ஒரு பகுதியாக. அக்காவுக்கும் அத்தானுக்கும் அப்படி ஒரு மாலையாவது வாய்த்திருக்கலாம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

"எல்லாம் செய்தோம், திரும்பத் திரும்ப வருகிறது"

அப்படியென்றால் பேச்சு நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி வெளியே தெரியும் குறி. லாஸ் ஏஞ்சலிஸின் ஏழ்மையான பகுதிகளில் புதிதாகத் திருமணமான 431 தம்பதிகளை ஜஸ்டின் லாவ்னர், பெஞ்சமின் கார்னி, தாமஸ் பிராட்பரி ஆராய்ந்தார்கள். நல்ல பேச்சு பிற்பாடு நிறைவைத் தருவதைக் காட்டிலும், நிறைவாக இருப்பவர்கள் பிற்பாடு நன்றாகப் பேசுவது கூடுதலாகத் தெரிந்தது. இரவுப் பணி, மூன்று மாதக் குழந்தை, வட்டிக்காரன், நடுவில் வந்து தூபம் போடும் சொந்தம் என்று எது அழுத்துகிறது என்று பாருங்கள். தினமும் நாலு மணி நேரம் தூங்குகிறவரிடம் நிதானமாகப் பேசச் சொல்வது நியாயமில்லை. அந்த வீட்டுக்குத் தேவை ஒரு வாரம் வந்து தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியம்மா.

ஆலோசகரா, நீதிமன்றமா?

சீக்கிரம் போனால் ஆலோசகர். கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் லாஸ் ஏஞ்சலிஸிலும் சியாட்டிலிலும் கடுமையாகப் பிணங்கியிருந்த 134 தம்பதிகளுக்குச் சிகிச்சை கொடுக்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். ஐந்து வருஷம் கழித்து ஏறக்குறைய பாதிப் பேர் நல்ல முன்னேற்றத்தோடு இருந்தார்கள். நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிரிந்திருந்தார்கள். அவ்வளவு முற்றிய நிலையில் வந்தவர்களுக்கு இது குறைவான பலன் இல்லை.

பிள்ளைகளுக்காகச் சேர்ந்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது. அமாட்டோ குழுவின் 1995 ஆய்வில், ஓயாத கடும் சண்டை நடந்த வீட்டுப் பிள்ளைகள் பெற்றோர் பிரிந்தபோது பிற்காலத்தில் நன்றாக இருந்தார்கள். சண்டை குறைவாக இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பிரிவு பெரிய அடியாக விழுந்தது. அவர்கள் பார்வையில் ஒன்றுமே நடக்காத வீடு ஒரு நாள் உடைகிறது.

பிரிவதுதான் வழி என்றால், இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 13பி பிரிவின்படி இருவரும் சம்மதித்து மனு போடலாம். அதற்கு முன் ஒரு வருஷமாவது தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனித்து வாழ்வது என்றால் வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை, கணவன் மனைவியாக வாழாமல் ஒரே கூரையின் கீழ் இருப்பதும் அதில் சேரும் என்று 1991-லேயே அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அக்காவிடமும் அத்தானிடமும் வக்கீல் அதைத்தான் விளக்கினார். எப்போதிலிருந்து தனித்து வாழ்கிறீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டார். அன்று காலை இருவரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள். இருவரும் ஒரே வருஷத்தைச் சொன்னார்கள். அதற்குள் நான்கு வருஷம் ஆகியிருந்தது.